பல வருடக் கோச்சை மாற்றப் போகிறீர்களா? ஊர் கால்பந்துக் கழகத்தின் புதுப் பொறுப்பாளர்களுக்கு

எங்கள் கழகத்தில் 14 வருடம் பயிற்சி கொடுத்த மாஸ்டரை மாற்றுவது என்று நாங்கள் முடிவெடுத்த இடம் ஒரு வாட்ஸ்அப் குழு. மே மாதம், ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) அரையிறுதியில் தோற்று வந்த இரவு. பதினொன்றரை மணிக்குத் தொடங்கிய பேச்சு ஒன்றரை மணிக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் கிரவுண்டுக்கு வந்த அவரிடம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஊரே இரண்டாக நின்றது. பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களில் 11 பேர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார்கள். வங்கிக் கணக்கில் அவரும் ஒரு கையெழுத்து என்பதால் பந்து வாங்கக்கூடப் பணம் எடுக்க முடியவில்லை. அந்த ஆண்டுதான் நான் செயலாளராகப் பொறுப்பேற்றிருந்தேன். மாற்ற வேண்டும் என்ற முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மாற்றிய விதம் தவறு. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், நீரோடியிலிருந்து குளச்சல் வரை எங்களைப் போலவே பல கழகங்களில் இப்போது இளைஞர்கள் பொறுப்புக்கு வருகிறீர்கள். உங்கள் ஊர் அந்த ஐந்து மாதத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கோப்பையை விடுங்கள், வருகைப் பதிவேட்டை எடுங்கள்

நேரம் வந்துவிட்டதா என்பதைத் தோற்ற ஆட்டம் சொல்லாது. பெனால்டியில் தோற்பது, நடுவர் தவறுவது, நல்ல ஸ்டாப்பருக்கு (நடுத் தடுப்பாட்டக்காரர்) முட்டி வீங்குவது எல்லாம் எந்தக் கோச்சுக்கும் நடக்கும். பணம் தருகிறவரின் மகனுக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை என்ற கோபமும் காரணமாகாது. உண்மையைச் சொன்னால், நிறைய ஊர்களில் பேச்சு தொடங்குவதே அந்தக் கோபத்திலிருந்துதான்.

வருகைப் பதிவேட்டை எடுத்து, 13 வயதுக்குட்பட்டவர்களின் பக்கத்தைத் திறங்கள். எங்கள் பதிவேட்டில் ஜூனில் 34 பெயர்கள் இருந்தன. ஜனவரியில் 15. மாஸ்டரே தன் கையால், சிவப்பு மையில், வராத பையன்களுக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நின்றுபோன 19 பையன்களில் 12 பேர் வீட்டுக்கு நான் போனேன். ஒரு அம்மா சொன்னது இது: "அவன் போறான், வெளியே நின்னு பந்து பெறக்கிப் போடுறான், திரும்பி வாறான். அதுக்கு எதுக்கு அண்ணே போகணும்?" இந்த ஒரு பக்கத்தை நாங்கள் பிப்ரவரியிலேயே பார்த்திருந்தால் மே மாத அரையிறுதிக்காகக் காத்திருந்திருக்க மாட்டோம்.

அப்புறம் கடந்த இரண்டு வருட ஆட்டப் பட்டியல்கள். ஒரே பதினொரு பேரின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? 17 வயதிலிருந்து எத்தனை பேர் பெரிய அணிக்கு ஏறியிருக்கிறார்கள்? துணைப் பயிற்சியாளர் என்று ஒருவரையாவது அவர் வளர்த்திருக்கிறாரா? இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன பிறகு, நம் பக்கத்துப் பெற்றோர்களின் கேள்வி மாறிவிட்டது. டிரையல்ஸ் எங்கே, வீரர் பதிவு செய்தாயிற்றா, விளையாட்டு விடுதிக்கு எப்போது விண்ணப்பம் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு கோச் தொடர்ந்து இரண்டு மூன்று வருடம் பதில் சொல்லவில்லை என்றால், அது அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றியது இல்லை. வேலை மாறிவிட்டது, அவர் மாறவில்லை.

இந்த மூன்றும் மோசமாக இருந்தாலும் உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒரு சீசனுக்கு முன்பே அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: சின்னப் பையன்களுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது 14 பேருக்கு இடம், ஒரு துணைப் பயிற்சியாளர். முடியும் என்றால் நல்லது, உங்களுக்குக் கோச்சை மாற்றும் வேலையே இல்லை. நாங்கள் இதைக் கேட்கவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

2. காத்திருக்கக் கூடாத ஒரே விஷயம்

பையன்களை அடிப்பது, தகாத முறையில் நடந்துகொள்வது என்று புகார் வந்தால் கீழே உள்ள எந்தப் படியும் பொருந்தாது. அன்றே பயிற்சியிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். ஊருக்குள் பேசி முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

3. எந்த மாதத்தில் செய்வது

நம் மாவட்டத்தில் கடல்தான் காலண்டர். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் முதல் கணக்கு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இரண்டாவது. உங்கள் ஊர் எந்தக் கணக்கோ, அந்த இரண்டு மாதத்துக்குள் முடிவை எடுங்கள். எங்கள் பக்கத்துப் போட்டுகள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அக்டோபரில் கூட்டம் போட்டால் உறுப்பினர்களில் பாதிப் பேர் கரையில் இருக்க மாட்டார்கள். வந்த பிறகு, "எங்களக் கேக்காம எப்படிச் செய்தீங்க?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. கோடைப் போட்டிகள் மே மாதத்தோடு முடிந்துவிடும். ஜூன், ஜூலையில் மழை, கிரவுண்டில் தண்ணீர் நிற்கும், பயிற்சியே பாதி நாள்தான் நடக்கும். ஆகஸ்டில் புதியவர் தொடங்கினால் கிறிஸ்துமஸ் காலப் போட்டிகளுக்கு முன்னால் அவருக்கு நாலரை மாதம் கிடைக்கும்.

மேற்குக் கரை ஊர்களுக்கு நான் சொல்லும் கணக்கு: ஏப்ரலில் பதிவேடுகளைப் பாருங்கள். கடைசிக் கோடைப் போட்டி முடிந்து ஒரு வாரம் சும்மா இருங்கள். ஜூன் முதல் வாரம் கோச்சிடம் பேச்சு, மூன்றாம் வாரம் நிர்வாகக் குழு, ஜூலையில் ஒரு ஞாயிறு பொதுக்குழு, ஆகஸ்டில் புதியவர். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தடைக்காலம் கிடையாது என்பதால் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு வைப்பதுதான் எல்லாருக்கும் தோது.

போட்டி நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். போகப் போவது அவருக்கே தெரிந்திருந்து, அவரும் ஒப்புக்கொண்டிருந்தால் முன்கூட்டியே அறிவிக்கலாம். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் எட்டரை வருடம் பயிற்சியாளராக இருந்த யூர்கன் க்ளோப், சீசன் முடிந்ததும் போகிறேன் என்று 2024 ஜனவரியிலேயே சொன்னார். அடுத்தவரைத் தேட அந்தக் கிளப்புக்கு மாதக்கணக்கில் நேரம் கிடைத்தது. அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட் முதல் சீசனிலேயே பிரீமியர் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

4. பேசுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நாங்கள் அதிகம் அடிபட்ட இடம் இது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சங்க விதிகள். பெரும்பாலான கழகங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. கோச்சை நியமிக்கவும் விடுவிக்கவும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கா, பொதுக்குழுவுக்கா என்பது உங்கள் விதிகளில் இருக்கும். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். எங்கள் விதிகளின் ஒரே நகல் முன்னாள் தலைவர் ஒருவரின் வீட்டுப் பரணில் கிடந்தது. தேடி எடுக்க மூன்று வாரம்.

இரண்டாவது, கோச் எந்தப் பதவியிலாவது இருக்கிறாரா? பல வருடம் இருப்பவரை மரியாதைக்குத் துணைத் தலைவர், பொருளாளர் என்று போட்டு வைத்திருப்பார்கள். அப்படியென்றால் நீங்கள் செய்யப் போவது இரண்டு வேலை. பயிற்சிப் பொறுப்பு வேறு, நிர்வாகப் பதவி வேறு, இரண்டுக்கும் தனித்தனித் தீர்மானம் வேண்டும். நிர்வாகி மாறினால் படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் வங்கியில் அந்தத் தாக்கலின் நகலைக் காட்டிய பிறகுதான் கையெழுத்தை மாற்றினார்கள். தீர்மானப் புத்தகத்தின் ஜெராக்ஸை மட்டும் கொண்டுபோய் இரண்டு முறை திரும்பி வந்தேன்.

மூன்றாவது பொறி யாருக்கும் முதலில் கண்ணில் படாது. வீரர்களைப் பதிவு செய்யும் இணையக் கணக்கு யாருடைய செல்போன் எண்ணில் இருக்கிறது? எங்களுடையது மாஸ்டரின் எண்ணில், அவர் மகள் உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சலில் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஓடிபி அவருக்குத்தான் போகும். மனஸ்தாபத்தில் இருக்கும் ஒருவரிடம் போன் போட்டு ஓடிபி கேட்பதைப் போல ஒரு சங்கடம் வேறு இல்லை. உறவு நன்றாக இருக்கும்போதே கழகத்துக்கென்று ஒரு சிம் வாங்கி அதற்கு மாற்றிவிடுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையன்களின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள் யாரிடம் இருக்கின்றன, கிரவுண்டுக்கான அனுமதிக் கடிதம் பள்ளியிடமிருந்தா பங்குத் தேவாலயத்திடமிருந்தா, அது யார் பெயரில் இருக்கிறது, கோச்சை நியமித்த வருடத் தீர்மானம் எங்கே. இவற்றையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

5. முதலில் அவரிடம் சொல்லுங்கள், நேரில்

நிர்வாகக் குழுவில் முடிவாவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு பேர் போங்கள். தலைவர் ஒருவர், அவரிடம் பயிற்சி பெற்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவர். கிரவுண்டிலோ பங்கு அலுவலகத்திலோ டீக்கடையிலோ வேண்டாம். அவர் வீட்டுக்குப் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் போனது மூன்று வாரம் கழித்து, எல்லாம் கெட்டுப் போன பிறகு. திண்ணையில் உட்கார்ந்து பழைய பந்து ஒன்றுக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி எனக்குக் கட்டஞ்சாயா போடச் சொன்னார். "மக்களே, எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாம்லா" என்று ஒரே ஒரு வரிதான் சொன்னார். 2017 நவம்பர் 30 ஓகிப் புயலுக்குப் பிறகு, அப்பாவை இழந்த பையன்களின் வீட்டு வாசலில் மாலை நாலரை மணிக்கு வந்து நின்று, ஒவ்வொருவராகக் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். அந்த மனிதருக்கு ஒரு பையன் மூலமாகச் செய்தி போனது. இந்த இடத்தில் தவறினால் மற்ற எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தும் பயன் இல்லை.

என்ன பேசுவது? சுற்றி வளைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லுங்கள். "அடுத்த சீசனிலிருந்து வேறொருவரைப் பொறுப்பில் வைக்கலாம் என்று நினைக்கிறோம், மாஸ்டர். வெளியே யாருக்கும் தெரிவதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வந்தோம்." இவ்வளவு போதும். பழைய தோல்விகளைப் பட்டியல் போடாதீர்கள். "ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள்" என்ற வாக்கியம் வாயில் வரவே கூடாது. அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். கோல்கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சி, ஆலோசகர், முழு ஓய்வு, இப்படி ஏதாவது சொல்வார். யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். தரப்போகும் கடிதத்தில் "நீக்கம்" என்ற சொல் வேண்டாம். "பயிற்சியாளர் பொறுப்பு இந்த நாளோடு நிறைவடைகிறது" என்று எழுதுங்கள். சேர்ந்த நாள், நிறைவு நாள், தரவேண்டிய தொகை, தரப்போகும் தேதி நான்கும் அதில் இருக்கட்டும்.

6. பணம்

ஊர்க் கழகத்தில் ஒப்பந்தமே இருக்காது, அதனால் கொடுக்க ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் பணிக்கொடை கணக்கிட ஒரு முறை உண்டு: கடைசி மாதச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணிசெய்த வருடங்களால் பெருக்குவது. நம் கழகங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் எவ்வளவு கொடுப்பது என்று ஆளுக்கொரு தொகை சொல்லிச் சண்டை போடாமல் இருக்க அது நல்ல அளவுகோல். மாஸ்டருக்கு மாதம் 8,000 ரூபாய், 14 வருடம். கணக்கு 64,615 வந்தது, 65,000 என்று வைத்தோம்.

அடுத்து, அவர் கையிலிருந்து போட்ட பணம். கேட்காவிட்டால் சொல்லவே மாட்டார். நாங்கள் கேட்டபோது ஒரு சின்ன டைரியை எடுத்துக் கொடுத்தார். 'பந்து 2', 'மார்த்தாண்டம் பஸ், 9 பேர்', 'தையல், டாக்டர்' என்று தேதி போட்டு எழுதியிருந்தார். கூட்டினால் 23,400. அதையும் கொடுத்தோம். ஒரு மாத மதிப்பூதியம் 8,000, வழியனுப்பு விழாவுக்குச் சாப்பாடு, பந்தல், பொன்னாடை என்று 17,500. மொத்தம் ரூ.1,13,900. இதைச் சேர்க்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆக, பேச்சைத் தொடங்கும் முன்பே பணம் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வளைகுடாவில் இருக்கும் நண்பர் நேரடியாக அவர் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள், கழகக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும்.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் ஒரு தொல்லை என்றால், யோசிக்காமல் நீட்டிய ஒப்பந்தம் இன்னொரு தொல்லை. இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023இல் 2026 ஜூன் வரை நீட்டியது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா வெளியேறியதும் 2024 ஜூனில் அவரை விடுவித்தது. கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துத்தான் வழக்கைத் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

7. கூட்டம்

விதிகளில் சொன்ன நாளுக்கு முன்னால், பொருளை எழுதி, எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். வாட்ஸ்அப் அதோடு சேர்த்து இருக்கலாம், அது மட்டுமே போதாது. வாக்கெடுப்பு வந்தால் சீட்டில் நடத்துங்கள். கை தூக்கச் சொன்னால் மாமன் மச்சான் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பங்குத்தந்தை வந்து உட்காரலாம், ஆனால் முடிவை அவர் தலையில் கட்டாதீர்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி, வாசித்து, வந்திருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.

8. அடுத்தவர் தயாராக இருக்கிறாரா?

இல்லை என்றால் இன்னும் ஒரு சீசன் பொறுங்கள். நம் பையன்களில் பாதிப் பேர் மஞ்சள் ஜெர்சி போடுகிறவர்கள் என்பதால் ஐஎஸ்எல் அணியான கேரளா பிளாஸ்டர்ஸின் கதை எல்லாருக்கும் தெரியும். மூன்று சீசனும் பிளேஆஃப் வரை கொண்டுபோன பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கோப்பை வாங்கித் தரவில்லை என்ற குறை இருந்தது. 2024 ஏப்ரலில் பிரிந்தார்கள். அடுத்து வந்த மிக்கேல் ஸ்டாரேயை அதே வருடம் டிசம்பரில் வெளியே அனுப்பினார்கள்.

மூத்த ஆட்டக்காரரை அவசரத்துக்குக் கோச் ஆக்குவது நம் ஊர்களில் வழக்கம். தவறில்லை, ஆனால் நேற்று வரை "லே" என்று கூப்பிட்ட கூட்டாளிகளை அவர் வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் அது முடியாமல் இரண்டே மாதத்தில் ஒருவர் விலகினார். இப்போது இருப்பவரைத் தேர்ந்தெடுத்த முறை இது: குறைந்தபட்சம் டி லைசென்ஸ் (தொடக்க நிலைப் பயிற்சியாளர் சான்றிதழ்) இருக்கிறதா என்று பார்த்தோம், காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்று கேட்டோம், பெரிய அணியைத் தொடவிடாமல் 13 வயதுக்குட்பட்ட பையன்களோடு நாலு நாள் பயிற்சி எடுக்கச் சொன்னோம். நாலாவது நாள் எத்தனை பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கவனித்தோம். 22 பேர். உடனே முடிவு செய்தோம்.

ஒப்பந்தம் ஒரு சீசனுக்குப் போதும். விலக விரும்பினால் இரு தரப்புக்கும் 30 நாள் முன்னறிவிப்பு என்று எழுதுங்கள். எந்த மதிப்பு முத்திரைத்தாள் என்பதைப் பத்திர எழுத்தரிடம் கேட்டு வாங்குங்கள். புதியவர் முதல் போட்டியில் தோற்றால் பழையவர் பெயர் கட்டாயம் வரும். ஃபெர்குசன் 26 வருடம் பயிற்சியாளராக இருந்த மான்செஸ்டர் யுனைடெடில், அவருக்கு அடுத்து ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்த மோயஸை பத்தே மாதத்தில் அனுப்பினார்கள். ஒரு சீசன் முழுவதும் மாற்றப் பேச்சே எடுப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள், கூட்டத்தில் யாராவது எழுந்தால் வாசித்துக் காட்டலாம்.

9. சாவி

ஒப்படைக்கும் நாளில் இரண்டு பிரதியில் பட்டியல் எழுதுங்கள்: பந்து எத்தனை, கோன் எத்தனை, ஜெர்சி செட், முதலுதவிப் பெட்டி, பதிவேடுகள், அறைச் சாவி. பழையவர், புதியவர், செயலாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். பழையவரின் அறைச் சாவியை மட்டும் திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கேட்காமலே விட்டோம். மாஸ்டர் இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் நாலரைக்கு வந்து, அறையைத் திறந்து, காற்றுப் போன பந்துகளைத் தனியே எடுத்து வைத்து, வால்வு பார்க்கிறார். பட்டியலில் சாவி என்ற வரிக்கு நேராக "2, ஒன்று மாஸ்டரிடம்" என்று எழுதியிருக்கிறோம். உங்கள் பட்டியலிலும் அந்த வரிக்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.